மூடிக்கிடந்த நாற்பத்தாறு மணி நேரம்

பிரேசர் டவுன், பெங்களூர்
14 செப்டம்பர் 2003

தம்பி முனிகிருஷ்ணனுக்கு,

மௌரீன் எழுதுகிறேன். ஈமெயில் அனுப்பாமல் தபாலில் எழுதுகிறாளே என்று யோசிக்காதே. என் ஈமெயிலும் உன் சர்வரில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது. தவிர, இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு காப்பியும் இருக்க வேண்டும். இதையும் கார்பன் வைத்துத்தான் அடிக்கிறேன்.

மாதா திருவிழா வாரம் முழுக்க நம் கோயில் வெப்சைட் திறக்கவே இல்லை. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகள் தேர் பவனிப் படம் பார்க்கலாம் என்று காத்திருந்து ஏமாந்துபோனார்கள். என் தம்பி டொமினிக் சைட் முகவரியைக் கோயில் கேட்டில் மூன்றடி உயரத்துக்கு நீலத்திலும் மஞ்சளிலும் எழுதி வைத்திருக்கிறான். அவன் எழுதிய போர்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் எல்லோருக்கும் எதிரில், "என்னம்மா மௌரீன், போர்டு இருக்குது, கடையக் காணோமே" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது.

உனக்கு போன் செய்தால், "இன்னொரு சைட்ல சினிமா ஸ்டில்ஸ் போட்டுட்டாங்க அக்கா, கூட்டம் தாங்கல, சர்வர் பூரா அவங்களே இழுத்துட்டாங்க" என்கிறாய். அவனுக்குக் கூட்டம், எங்களுக்குப் பட்டினி. இது என்ன நியாயம்?

நான் கேட்பது இதுதான். இனிமேல் எந்த சைட் அளவுக்கு மீறி இழுக்கிறதோ, அதை உடனே நிறுத்து. யார், எவர் என்று பார்க்காதே. முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இரண்டு நாள் மூடிக் கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும். போன் போட்டுக் கெஞ்சுவார்கள், எடுக்காதே. எடுத்தால் இளகிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். இதற்கு நீ எழுத்தில் சம்மதித்தால்தான் அடுத்த வருஷமும் உன்னிடம் இருப்போம்.

இப்போதைக்குக் கோபத்துடன்,
மௌரீன்

உன் கடை போர்டு வெளுத்துப்போயிருக்கிறதாம். நீ கேட்டால் வந்து எழுதித் தருவதாக டொமினிக் சொல்கிறான். நான் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.


ஸ்ரீராம்புரம், பெங்களூர்
19 செப்டம்பர் 2003

மௌரீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தம்மா சொல்றது கரெக்ட்டுடா" என்று அவர்களும் உங்கள் பக்கமே சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் சந்தில் பதினான்கு வீட்டுக்கு ஒரே தொட்டி. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மற்ற பதின்மூன்று வீட்டிலும் குழாய் காற்று விடும். என் சர்வரும் அப்படித்தான். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் குளிர் அறையில் எனக்கென்று ஒரே ஒரு மெஷின் வாடகைக்கு ஓடுகிறது, அதில் அறுபத்துமூன்று சைட்டுகள் குடியிருக்கின்றன. தனி மெஷின் எடுக்கிற அளவுக்கு யாருக்கும் வசதி இல்லை, எனக்கும் இல்லை. இதுவரை யாரிடமும் கண்டிப்பாக இருந்ததில்லை. அதுதான் தப்பு என்று இந்த வாரம் புரிந்தது.

நீங்கள் சொன்னபடியே ரூல் போட்டுவிட்டேன். அதிகம் இழுக்கிற சைட் உடனே நிறுத்தப்படும். நாற்பத்தெட்டு மணி நேரம் மூடியிருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் போனை எடுக்கமாட்டேன். அறுபத்துமூன்று பேருக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், இதையே உங்களுக்கு எழுத்து மூலமான சம்மதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தவறாக நினைக்காதீர்கள். கோயில் சைட்டில் ஜெப விண்ணப்பம் எழுதுகிற பக்கத்தைக் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து எடுத்து நீங்களே ஏற்றினீர்கள் அல்லவா? எனக்கு அது ஆச்சரியம்தான், சந்தோஷமும்கூட. ஆனால் அதில் இரண்டு குறை இருக்கிறது. யாராவது பக்கத்தைத் திறந்தால் அது மொத்த விண்ணப்பங்களையும் முதலிலிருந்து படிக்கிறது, கூட்டம் வந்தால் மெஷின் தாங்காது. இன்னொன்று, படிவத்தில் எழுதுவது முழுக்க மேலே முகவரி வரியிலேயே தெரிகிறது. யாருடைய வீட்டுக் கஷ்டமும் அப்படி வெளியே தெரியக் கூடாது. ஒரு சனிக்கிழமை வந்தால் இரண்டையும் மாற்றிவிடலாம்.

டொமினிக் அண்ணனை வரச் சொல்லுங்கள். மாவு மில்லுக்கு மேல் மாடி, படி செங்குத்து, ஏணி வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

அன்புடன்,
முனிகிருஷ்ணன்


பிரேசர் டவுன், பெங்களூர்
10 ஜனவரி 2005

திரு. முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

எங்கள் கோயிலின் சைட்டை உங்கள் சர்வரிலிருந்து எடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். வேறு இடம் பார்த்தாயிற்று. எங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு சிடியில் எழுதி அனுப்பிவிட்டுக் கணக்கை மூடிவிடவும்.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி எங்கள் பங்கிலிருந்து முப்பத்தெட்டு பேர் இரண்டு வேனில் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். டொமினிக்கும் போனான். எனக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்ததை டிவியில்தான் பார்த்தேன். கோயில் போன் விடாமல் அடித்தது. முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஒரே நம்பருக்குப் பேசினால் யாருக்குக் கிடைக்கும்? அதனால் அன்று மதியமே ஜெப விண்ணப்பப் பக்கத்தை மாற்றினேன். காணாமல் போனவர் பெயர் ஒரு பக்கம், கிடைத்தவர் பெயர் ஒரு பக்கம். அங்கே நிவாரண முகாமில் இருக்கிற பிள்ளைகள் பக்கத்து இன்டர்நெட் சென்டரிலிருந்து பெயர்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை, சென்னை, கோலார், திருச்சி என்று எந்த ஊர்க்காரரானாலும் எழுதினார்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் அறுநூற்று நாற்பது பெயர் சேர்ந்துவிட்டது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு சைட் போய்விட்டது. 'இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று உங்கள் பலகை மட்டும் நின்றது. பதினோரு முறை உங்களுக்கு போன் செய்தேன். மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோ பிடித்து வந்தேன், மாடி பூட்டியிருந்தது. மாவு மில்காரர், "அவரு தங்கவயலுக்குப் போயிருக்காரு, காது குத்து" என்றார். பூட்டுக்கு மேலே டொமினிக் எழுதிய உங்கள் போர்டு புதுசு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு பஸ் ஏறி நாகப்பட்டினம் போனேன். ஐந்து நாள் தேடினேன். அவன் கடற்கரையில் நின்றதைக் கூடப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தவர்கள் பட்டியல் எல்லாவற்றிலும் தேடினேன், அவன் பெயர் இல்லை. அடையாளம் தெரியாதவர்களை மொத்தமாக அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். "ஒரே நிமிஷந்தாம்மா, வலி தெரிஞ்சிருக்காது" என்று ஃபாதர் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது தூங்குகிறேன்.

என் தம்பி போனதற்கு நீங்கள் காரணம் என்று சொல்லமாட்டேன். கடல் செய்ததை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் அறுநூற்று நாற்பது பெயரைப் பூட்டிவிட்டுக் காது குத்துக்குப் போன ஆளோடு எங்களுக்கு இனி வேலை இல்லை.

மௌரீன்


ஸ்ரீராம்புரம், பெங்களூர்
17 ஜனவரி 2005

மௌரீன் மேடம் அவர்களுக்கு,

சிடி இத்துடன் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பாக இருக்கிறது, ஒரு வரிகூட விடவில்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

டொமினிக் அண்ணன் போன விஷயம் உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவர் வேனில் போனதே தெரியாது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். என் தலைக்கு மேல் அவர் எழுத்துதான் இருந்தது.

திங்கட்கிழமை மெஷின் திணறுகிறது என்று மற்றவர்கள் போன் மேல் போன் செய்தார்கள். பார்த்தால் உங்கள் சைட். கிறிஸ்மஸ் படம் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்து நிறுத்திவிட்டுத் தங்கவயலுக்குக் கிளம்பிவிட்டேன். சுனாமியை டிவியில் பார்த்தேன், ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை, அதைக்கூடச் செய்யவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கணக்கை மாதக் கடைசியில் மூடிவிடுகிறேன்.

முனிகிருஷ்ணன்


பிரேசர் டவுன், பெங்களூர்
28 ஜனவரி 2005

திரு. முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

சிடி வந்தது, சரியாக இருக்கிறது.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பதினோரு முறை கூப்பிட்டேன். உங்கள் செல்போனில் என் பெயர் வந்திருக்கும். நீங்கள் ஏன் எடுக்கவில்லை?

வேலை செய்துகொண்டிருக்கும்போது டைப்ரைட்டரை நிறுத்திவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெயரைப் பார்க்கவில்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது எழுதுங்கள்.

மௌரீன்


ஸ்ரீராம்புரம், பெங்களூர்
24 பிப்ரவரி 2005

மௌரீன் அக்காவுக்கு,

மேடம் என்று எழுத வரவில்லை. இந்த ஒரு கடிதத்துக்காவது அனுமதி கொடுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில். உங்கள் பெயரைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை. சைட்டை நிறுத்தினால் போனை எடுப்பதில்லை என்பது கடையின் ரூல். ஒன்றரை வருஷத்தில் ஒன்பது பேரை நிறுத்தியிருக்கிறேன், ஒருத்தர் போனையும் எடுத்ததில்லை. இதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கமாட்டேன். காது குத்து வீட்டில் மாமா, "யாருடா அது, போன் அடிச்சிட்டே இருக்குதே" என்று கேட்டார். "நம்ம அக்கா மாதிரி ஒருத்தர். அவங்களுக்கே ரூல் போட்டுட்டேன்னா மத்தவங்க யாரும் வாயத் தொறக்க முடியாது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாக, புதன்கிழமை காலை பத்து மணிக்கே திறந்துவிட்டேன். உங்களுக்காகச் செய்த சலுகை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பதில் இவ்வளவுதான். இதை பிப்ரவரி முதல் வாரமே எழுதியிருப்பேன். எழுதாததற்குக் காரணம் வேறு. இனி வருவதை உட்கார்ந்து படியுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

கணக்கை மூடும்போது உங்கள் சைட்டின் லாகைப் பார்த்தேன். எந்த சைட்டுக்கு யார் எப்போது வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று சர்வர் தானாகவே எழுதி வைக்கிற பதிவு அது. சைட் மூடியிருந்தாலும் எழுதும், பக்கத்தில் 'மறுக்கப்பட்டது' என்று குறித்து வைக்கும். அந்த நாற்பத்தாறு மணி நேரத்தில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் மறுத்திருக்கிறது. சாதாரணமாக அதில் வந்தவர் எழுதிய செய்தி இருக்காது, வந்த நேரம் மட்டும்தான் இருக்கும். ஆனால் உங்கள் படிவத்தில் எழுதுவது முகவரி வரியிலேயே தெரியும், மாற்ற வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தேன். நாம் மாற்றவே இல்லை. முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்திருந்த கம்ப்யூட்டர்களில் படிவத்தின் பழைய நகல் வந்திருக்கிறது, எழுதி அனுப்பிய பிறகுதான் மறுத்திருக்கிறது. அதனால் அந்த நேரத்தில் பெயர் ஏற்ற முயன்றவர்கள் எழுதியது முழுசாக லாகில் இருக்கிறது. பட்டியலில் சேராத நூற்றுப்பன்னிரண்டு பேர். எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக எழுதினேன். ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முக்கால்வாசிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அக்கா, அதில் நான்கு வரி தஞ்சாவூரில் ஒரே இன்டர்நெட் சென்டரிலிருந்து வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருக்கிறார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மாலை 6.12. 'டொமினிக். பெங்களூர் பிரேசர் டவுன். கோயில் போர்டு எழுதுகிறவர். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஆறாம் வார்டு. கால் நசுங்கியிருக்கு. நினைவு இருக்கு. அக்கா மௌரீன் வரணும்.'

செவ்வாய் காலை 8.40. அதே செய்தி, ஒரு வார்த்தை மாறவில்லை.

செவ்வாய் மதியம் 1.05. 'டொமினிக். ஆறாம் வார்டு. காய்ச்சல் அதிகம். அக்கா வரணும்.'

செவ்வாய் மாலை 7.31. 'அக்கா சீக்கிரம்.'

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த சென்டரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இதை மூன்று வாரம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஆன பழைய லாகை மாதக் கடைசியில் அழிப்பது வழக்கம். சும்மா இருந்திருந்தால் இருபத்தெட்டாம் தேதி அதுவே போயிருக்கும், உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷத்தில் போயிருப்பான் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். உங்களுக்காக வாயை மூடுகிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாதபோது சொல்லிவிடுவதுதான் சரி என்று தோன்றியது. தவறாக இருந்தால் அதற்கும் சேர்த்து என்னைத் திட்டுங்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன், நேரில் வந்தால்தான் பதிவேட்டைப் பார்க்க முடியும் என்றார்கள். நீங்கள் சொன்னால் கூட வருகிறேன், வேண்டாம் என்றால் வரமாட்டேன். லாகை அழிக்கவில்லை. அந்த நான்கு வரியை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

முனி


பிரேசர் டவுன், பெங்களூர்
13 மார்ச் 2005

தம்பி முனிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தாயே, அங்கேயே மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். படித்ததும் உன்னைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் என்று இருந்தது. கூப்பிடவில்லை. தனியாகவே தஞ்சாவூர் போய்விட்டு வந்தேன். உன்னைக் கூட்டிப்போகிற அளவுக்கு எனக்கு அப்போது மனசு இல்லை, தவறாக நினைக்காதே.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலை அவன் இறந்திருக்கிறான். ஆறாம் வார்டு, சுவர் ஓரக் கட்டில். பதிவேட்டில் பெயர், ஊர் எல்லாம் சரியாக இருக்கிறது. ஜனவரி முதல் தேதி நான் அதே ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். அது அன்று உயிரோடு இருந்தவர்களின் பட்டியல். செத்தவர்கள் விவரமெல்லாம் நாகப்பட்டினத்தில் என்று யாரோ சொன்னார்கள், நம்பித் திரும்பிவிட்டேன். உள்ளே போய்ப் பதிவேட்டைக் கேட்டிருக்கலாம். இருபத்துமூன்று வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தும் கேட்கவில்லை.

காலில் விஷம் ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். முதல் நாளே நான் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை. உனக்கும் அதையே சொல்கிறேன், எடுத்துக்கொள்.

அந்த நான்கு வரியை அடித்த பெண்ணைப் பார்த்தேன். பெயர் தீபிகா. காலேஜ் படிக்கிறாள், உதவிக்கு வந்த மாணவிகளில் ஒருத்தி. என் செல் நம்பர் எழுதிய டைரி கடலோடு போய்விட்டது. செல் வாங்கியதும் வீட்டு போனை நான்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதனால் டைரக்டரியிலும் கிடைக்கவில்லை. கோயில் நம்பர் எப்போதும் எங்கேஜ். அவனுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது அந்த சைட் முகவரி மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னானாம். மூன்றடி உயரத்துக்கு எழுதினவன் மறப்பானா? ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த இன்டர்நெட் சென்டருக்கு அவள் நான்கு முறை ஓடியிருக்கிறாள், நான்கு முறையும் உன் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"மூணு தடவ மெசேஜ் போகலன்னு சொன்னேன்க்கா. ஒவ்வொரு தடவையும் மூஞ்சி வாடிடுது. நாலாவது தடவ என்னால முடியல. போயிடுச்சு, அக்கா படிச்சிட்டாங்க, பஸ் ஏறிட்டாங்களாம்னு சொல்லிட்டேன். பொய்தான். அதக் கேட்டுட்டு, எங்கக்கா திட்டிக்கிட்டேதான் வரும், பரவால்லன்னு சிரிச்சாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யும் இல்லை பார். செவ்வாய் ராத்திரி நான் பஸ்ஸில்தான் இருந்தேன். அந்த பஸ் தஞ்சாவூர் வழியாகத்தான் போனது. ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றது, நான் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஏறினேன். மணி நாலு இருக்கும்.

அவனை அங்கேயே கல்லறையில் வைத்திருக்கிறார்கள். ஒரு மரச் சிலுவை, அதில் பதினேழு என்று எண். எழுத்து கோணல்மாணல். டொமினிக் பார்த்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பான். பெயர் எழுத ஆள் பார்க்கச் சொன்னார்கள், யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு நிமிஷம் என்று நினைத்திருந்தது மூன்று நாளாகிவிட்டது முனி. ஆனால் போய் நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. எது பெரியது என்று எனக்கு இன்னும் கணக்குத் தெரியவில்லை. நீ சொன்னது சரிதான். அதை மட்டும் திட்டமாட்டேன்.

இப்போது சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஊருக்குத் திரும்பியதும் உன் கடிதத்தைக் கோப்பில் போடலாம் என்று எடுத்தேன். நான்தான் எதற்கும் காப்பி வைக்கிறவள் ஆயிற்றே. கோப்பில் அடியில் ஒரு கார்பன் காப்பி கிடந்தது. 2003 செப்டம்பர் பதினான்கு. யார், எவர் என்று பார்க்காதே. முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இரண்டு நாள் மூடிக் கிடக்கட்டும். போன் போட்டுக் கெஞ்சுவார்கள், எடுக்காதே.

நானே அடித்தது. கீழே என் கையெழுத்து. சத்தியமாக மறந்துவிட்டேன் முனி. ஒரு வாரம் திருவிழாப் படம் தெரியவில்லை என்று வந்த கோபம் அது.

உனக்கு மறந்திருக்காது. அசல் உன்னிடம்தான் இருக்கிறது. கொன்றவனைப் பேசுவது மாதிரி ஜனவரியில் உன்னைப் பேசினேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது, நீங்கள் சொல்லித்தான் அக்கா என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் அன்றே வாயடைத்துப் போயிருப்பேன். 'கடையின் ரூல்' என்று மட்டும் எழுதினாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக என்னவோ இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ரூலை எடுத்துவிட்டாயா, வைத்திருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். கடை உன்னுடையது. சைட்டைத் திரும்ப உன்னிடம் கொண்டுவருவதைப் பற்றி ஃபாதரிடம் பேச வேண்டும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ கேட்டால் அந்த நூற்றுப்பன்னிரண்டு பேரில் மிச்சம் இருப்பவர்களுக்கு நான் கடிதம் அடித்துத் தருகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உனக்கு போன் செய்வேன். பேச எனக்கு ஒன்றும் இருக்காது, உனக்கும் இருக்காது. என் பெயர் வரும்போது எடு, போதும்.

அக்கா
மௌரீன்